இணைய மறுத்த கைக்கருவி



இத்திங்கள் நாம் எழுதப் புகும் பொருளைக் கண்டு உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "பங்குச் சாமியாருக்கு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி என்ன பேச்சு?" என்று கேட்கவும் கூடும். கேளுங்கள், தவறில்லை. ஆயினும் அந்தப் பெட்டியின் பொருட்டு நம் பங்கிலே ஒரு சிறுவன் அடிபட்டான். அவனைப் பொய்யன் என்று எண்ணியவர்களுள் நாமும் ஒருவராய் இருந்துவிட்டோம். அதனால்தான் எழுதுகிறோம்.

ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் கலைந்து போயினர். எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான். கையிலே துவாலையில் சுற்றிய ஏதோ ஒன்று. நாம் குருமடத்தில் பயின்ற நாட்களிலேயே டேப் ரிக்கார்டரையும் வானொலிப் பெட்டியையும் கழற்றிப் பூட்டிப் பழகியவர். அந்தப் பெயர் நாம் போகும் பங்குகளுக்கெல்லாம் நமக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மிக்ஸி வரும், சுவர்க்கடிகாரம் வரும், ஒருமுறை தையல் இயந்திரத்தின் மோட்டாரும் வந்தது. அன்று துவாலைக்குள்ளிருந்து வெளிவந்தது ஒரு 'கன்ட்ரோலர்'. தொலைக்காட்சியில் விளையாட்டு ஆடுவதற்கான கைக்கருவி. வீட்டிலுள்ள பெரியவர்கள் அதை 'ரிமோட்' என்றே சொல்லி வந்தனர்.

பையன் சொன்ன வரலாறு இது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது, யாரோ ஆடிவிட்டு விற்ற பிளேஸ்டேஷன் 4 பெட்டி ஒன்றைத் தம்பிக்கென்று வாங்கி வந்தான். அண்ணனும் தம்பியும் இருபது நாள் மாறி மாறி ஆடினர். அண்ணன் புறப்பட்டுப் போன மறுநாளே கைக்கருவி பெட்டியோடு சேர மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் முகப்பிலுள்ள விளக்கு வெள்ளையாகச் சிமிட்டும். சற்று நேரத்தில் அணைந்துவிடும். அவ்வளவுதான். வீட்டில் எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னது, "கீழே போட்டு உடைத்துவிட்டான்" என்பதே. தந்தை கொத்தனார் வேலை செய்பவர். அண்ணன் உழைத்து வாங்கித் தந்த பொருளாயிற்றே என்ற ஆத்திரம் அவருக்கு. கை நீட்டிவிட்டார். டவுனிலுள்ள பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, "உள்ளே போர்டு போய்விட்டது, புதிதுதான் வாங்கவேண்டும்" என்றனர். புதிதின் விலையோ தந்தையின் ஐந்து நாள் கூலி.

"கீழே போட்டாயா தம்பி?" என்று நாம் கேட்டோம். "இல்லை, பாதர்" என்றான். கருவியின் ஓரத்தில் ஒரு கீறல் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "உண்மையைச் சொன்னால் அப்பாவிடம் நாம் பேசிக்கொள்கிறோம்" என்றோம். மறுபடியும், "இல்லை, பாதர்" என்றான். மூன்றாம் முறையும் கேட்டோம். அவன் பதில் சொல்லாமல் துவாலையை மடிக்கத் தொடங்கினான். அந்த மூன்றாவது கேள்வியை நாம் கேட்டிருக்கலாகாது.

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம். போகுமுன் இந்தக் கருவியின் நடைமுறையைச் சற்று விசாரித்து அறிந்துகொண்டோம். அறிந்ததை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். இப்போது பல இல்லங்களில் இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன. ஒரு வீட்டில் நேர்ந்தது மற்ற வீட்டிலும் நேரும்.

கம்பியின்றி இக்கருவி பெட்டியோடு பேசுவது வானொலி அலையின் வழியாகத்தான். அந்த ஏற்பாட்டுக்குப் புளூடூத் என்று பெயர். நீலப்பல் என்பது அதன் பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த ஹரால்டு என்ற அரசனின் பட்டப்பெயர் அது. டேனியர்களைத் தாம் கிறிஸ்தவர்களாக்கியதாக ஜெல்லிங் என்ற ஊரிலே அவர் நாட்டிய கல்வெட்டு இன்றும் நிற்கிறது. கணினிக்காரரையும் தொலைபேசிக்காரரையும் ஒன்று சேர்க்கும் ஏற்பாட்டுக்கு அவர் பெயரே பொருந்தும் என்று 1997ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்துப் பொறியாளர் ஜிம் கார்டாக் சொல்லிவைத்தார். தற்காலிகமாக இட்ட பெயர்தான், நிலைத்துவிட்டது. நம் கைப்பேசியில் காணும் அந்தக் கோணல் எழுத்து, அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் பண்டைய வடநாட்டு ரூன் எழுத்தில் பிணைத்து வரைந்ததாம். மறைக்கல்விப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அன்று ஒருவனும் கொட்டாவி விடவில்லை.

அது கிடக்கட்டும். வானத்திலே அலைகள் ஆயிரம் பறக்கின்றனவே, எந்தக் கருவி எந்தப் பெட்டிக்கு உரியது என்று எப்படித் தெரியும்? 2002ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் தன் கேம்கியூப் பெட்டிக்கென்று கம்பியில்லாக் கைக்கருவி ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு சிறு சக்கரம் உண்டு. ஒன்றிலிருந்து பதினாறு வரை எண்கள். கருவியிலும் பெட்டியில் செருகும் துண்டிலும் ஒரே எண்ணைத் திருப்பி வைத்தால் இரண்டும் பேசும். வானொலியில் நிலையம் பிடிப்பது போன்ற எளிய வழி, கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். பிளேஸ்டேஷன் போன்ற புளூடூத் கருவிகளில் அத்தகைய சக்கரம் இல்லை. ஒவ்வொரு புளூடூத் கருவிக்கும் பிறப்பிலேயே ஒரு விலாச எண் உண்டு. முதன்முதலில் இரண்டையும் அறிமுகம் செய்துவைக்கும்போது ஒன்றன் விலாசத்தை மற்றொன்று மனத்தில் எழுதிக்கொள்கிறது, இரண்டுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியச் சொல் ஒன்றையும் வகுத்துக்கொள்கின்றன. பிறகு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கைக்கருவி அந்த விலாசத்தையே கூப்பிடும். வேறெதையும் கூப்பிடாது.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 பெட்டியின் கைக்கருவி, டூயல்ஷாக் 4 என்பது, ஒரு சமயத்தில் ஒரே ஓர் எசமானனைத்தான் நினைவில் வைக்கும். அதைக் கைப்பேசியோடோ கணினியோடோ இணைத்துவிட்டால் பழைய பெட்டியை மறந்துவிடும். கைப்பேசியோடு சேர்த்து விளையாட இது உதவும் என்று இளைஞர்கள் எல்லாருக்கும் தெரியும். சேர்த்தபின் பெட்டியோடு மறுபடி அறிமுகம் செய்யவேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டில் போய் உட்கார்ந்ததும் பாட்டியம்மாள் காப்பி கொண்டுவந்தார். "சாமிக்கு இந்தச் சனியனைக் கொண்டு போய்க் கொடுத்தானா?" என்று பேரனை வைதார். தந்தையும் வேலை முடிந்து வந்து, சிமெண்டு படிந்த கால்களோடு வாசற்படியிலேயே அமர்ந்துகொண்டார். நாம் பொத்தானை அழுத்தினோம். விளக்கு வெள்ளையாகச் சிமிட்டியது, பின் அணைந்தது. இதிலிருந்தே ஒன்று தெளிவாயிற்று. பேட்டரி செத்த கருவி சிமிட்டாது. விளக்கு சிமிட்டுகிறது என்றால் கருவிக்கு உயிர் இருக்கிறது, யாரையோ கூப்பிடுகிறது, பதில்தான் வரவில்லை. "போர்டு போய்விட்டது" என்று கடைக்காரர் சொன்னதை அப்போதே நாம் பாதி தள்ளிவிட்டோம்.

கம்பியில்லாக் கருவியை அறிமுகம் செய்யக் கம்பிதான் வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. யூ.எஸ்.பி. கேபிளால் கருவியைப் பெட்டியோடு இணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, கருவியின் நடுவிலுள்ள பி.எஸ். பொத்தானை அழுத்தவேண்டும். விலாசங்கள் அந்தக் கம்பி வழியே பரிமாறப்படும். "அதெல்லாம் செய்து பார்த்துவிட்டேன், பாதர்" என்றான் பையன். செய்தும் காட்டினான். கேபிளைச் செருகினான், செம்மஞ்சள் விளக்கு மெல்ல எரிந்து எரிந்து மங்கியது. மின்சாரம் ஏறுகிறது என்பதற்கு அது அடையாளம். பி.எஸ். பொத்தானை அழுத்தினான். பெட்டி ஒன்றும் அறியாதது போல் இருந்தது.

வாசகர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்கவேண்டும். அந்த வீட்டார் எல்லாரும் ஏமாந்தது இங்கேதான். விளக்கு எரிகிறது, ஆகவே கேபிள் நன்றாயிருக்கிறது, ஆகவே கெட்டது கருவிதான் என்று முடிவு கட்டிவிட்டனர். சாதாரண யூ.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. ஆனால் எமர்ஜென்சி விளக்கோடும், காதில் மாட்டும் மலிவான கருவிகளோடும் வரும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். செய்திக் கம்பியை மிச்சப்படுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. தலை அதே தலை, கறுப்பு உறை அதே உறை. சோறு போடும், பேசமாட்டாது. அந்தப் பையன் வைத்திருந்தது பாட்டியம்மாளின் எமர்ஜென்சி விளக்கோடு வந்த கேபிள்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகப்படும் கேபிளால் கைப்பேசியைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். கைப்பேசியிலுள்ள படங்கள் கணினியில் தெரிந்தால் அந்தக் கேபிளில் செய்திக் கம்பி இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏறி, படங்கள் தெரியாவிட்டால், முதலில் கைப்பேசித் திரையில் கோப்புப் பரிமாற்றத்துக்கு அனுமதி கொடுத்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் அந்தக் கேபிளை விளக்குக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பங்கு அலுவலகத்தில், திருவிழாப் படங்களைப் பழைய கைப்பேசியிலிருந்து கணினிக்கு மாற்ற நாம் வைத்திருந்த கேபிளை முன்னெச்சரிக்கையாக எடுத்துப் போயிருந்தோம். அதைச் செருகுமுன் இன்னொன்றையும் செய்தோம். கருவியின் முதுகுப்புறத்தில், எல்2 என்ற மேற்பொத்தானுக்கு அருகே, ஊசிமுனை போகுமளவு ஒரு சிறு துளை இருக்கிறது. திருகாணித் துளை என்று பலரும் நினைத்துவிடுவர். உள்ளே ஒரு பொத்தான் ஒளிந்திருக்கிறது. பெட்டியை முற்றிலும் நிறுத்திவிட்டு, சிம் அட்டை எடுக்கும் ஊசியால் அதை ஐந்து வினாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். உறக்க நிலையில் விட்டால் போதாது, நன்றாக நிறுத்திவிடவேண்டும். கைக்கு ஒரு சிறு 'கிளிக்' தட்டுப்படும். கருவி புதிதாய்த் தொடங்குகிறது என்று அதற்குப் பொருள்.

வீட்டில் சிம் ஊசி இல்லை. பாட்டியம்மாள் தம் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். அதன் முனை சரியாகப் போயிற்று. பையனையே அழுத்தச் சொன்னோம். ஒன்று, இரண்டு என்று தந்தை வாசற்படியிலிருந்து எண்ணினார். பிறகு நம் கேபிளைச் செருகி, பெட்டியைத் திறந்து, பி.எஸ். பொத்தானை அழுத்தினான். முகப்பு விளக்கு நீலமாயிற்று. முதலாவது ஆட்டக்காரனுக்கு நீலம், இரண்டாமவனுக்குச் சிவப்பு என்பது அந்தப் பெட்டியின் வழக்கம். கேபிளைப் பிடுங்கிய பின்னும் நீலம் நீலமாகவே நின்றது.

நாம் அவனிடம் கேட்டோம்: "அண்ணன் இதைத் தன் போனில் சேர்த்து விளையாடினானா?"

"தெரியாது, பாதர். ராத்திரி மொட்டைமாடியில் போன் வைத்து ஏதோ ஆடினான்."

அவ்வளவுதான் சங்கதி. புறப்படுவதற்கு முந்தின இரவு அண்ணன் அதைத் தன் கைப்பேசியோடு சேர்த்திருக்கிறான். ஊருக்குப் போகும் அவசரத்தில் அதைப் பெட்டியோடு திரும்பச் சேர்க்க நினைவில்லை. அன்றுமுதல் பையன் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இந்தக் கருவி கடலுக்கு அப்பால் போய்விட்ட அண்ணனின் கைப்பேசியையே கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து அணைந்திருக்கிறது. பத்தடி தொலைவில் இருந்த பெட்டியை அது ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மற்ற பெட்டிகள் வைத்திருப்போருக்கும் சில வார்த்தைகள். எக்ஸ்பாக்ஸ் வகையில் அறிமுகத்துக்குக் கம்பி தேவையில்லை. பெட்டியிலே ஒரு பொத்தான், கருவியின் மேல்விளிம்பிலே ஒரு பொத்தான். பெட்டியினுடையதை முதலில் அழுத்தி, இருபது வினாடிக்குள் கருவியினுடையதை அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாகச் சிமிட்டிப் பின் நிலைக்கும். அதற்குப் பெரும்பாலும் பென்டார்ச் செல்கள் இரண்டு போடவேண்டும். செல் தளர்ந்திருந்தாலும் சேராது, ஆகவே முதலில் புதுச் செல் போட்டுப் பார்ப்பதே முறை. நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற பெட்டிக்கு, 2017இல் வந்த மூலப்பெட்டியைச் சொல்கிறோம், இரு பக்கத்துக் கருவிகளையும் அதன் ஓரத் தண்டவாளத்தில் தள்ளிப் பூட்டினாலே அறிமுகம் ஆகிவிடும்.

சேர்ந்தபின் விட்டுவிட்டு அறுந்துபோவது வேறு நோய். அதைப் பெரும்பாலும் சுற்றுப்புறத்தில் தேடவேண்டும். புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பகுதியில். வைஃபையும் அங்கேதான், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். நெரிசலைத் தவிர்க்கவே புளூடூத் அந்தப் பகுதியை 79 சந்துகளாகப் பிரித்துக்கொண்டு வினாடிக்கு 1,600 முறை சந்து மாறி ஓடுகிறது. ஆயினும் பெட்டியை இரும்பு அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அது என்ன செய்யும்? யூ.எஸ்.பி. 3 வகை வன்தட்டைப் பெட்டியின் பக்கத்திலேயே செருகி வைத்தாலும் அதிலிருந்து எழும் இரைச்சல் இதே அலைவரிசையைக் கலக்கும். சற்று நீளமான கேபிளால் வன்தட்டைத் தள்ளிவைத்தால் பல வீடுகளில் கோளாறு நின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. கருவியின் உறை பிதுங்கியோ, பிளவு விரிந்தோ இருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கலாம். அதற்கு மேற்கொண்டு சார்ஜ் ஏற்றாதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். சார்ஜ் துளை ஆடினாலோ, நல்ல கேபிளுக்கும் விளக்கே எரியாவிட்டாலோ அது மெய்யான பழுது. அப்போது கடைக்குப் போவதே தகும். எல்லாப் பழுதும் மறதியினால் வந்ததென்று நாம் சொல்லவில்லை.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். நீல விளக்கு நின்றதும் பையன் துள்ளுவான் என்று எதிர்பார்த்தோம். அவன் திரையைப் பார்க்கவில்லை, வாசற்படியையே பார்த்தான். தந்தை எழுந்து வந்தார். "அப்போ இவன் கீழே போடவில்லையா, சாமி?" என்றார். "போடவில்லை" என்றோம். "அந்தக் கீறல்?" என்றார். வாங்கி வந்த அன்றே இருந்தது என்று பாட்டியம்மாள் அப்போதுதான் வாய் திறந்தார். அதை ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை அதுபற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

தந்தை ஒன்றும் பேசாமல் வெளியே போனார். கால் மணி நேரம் கழித்து, தெருமுனைக் கடையிலிருந்து புரோட்டாப் பொட்டலத்தோடு திரும்பினார். நால்வருக்கு வாங்கியிருந்தார். நாம் இரவில் கஞ்சி குடிப்பவர் என்று பங்கே அறியும். ஆயினும் அன்று உட்கார்ந்து உண்டோம். உண்ணும்போது பையனிடம், "நேற்று மூன்றாம் முறை கேட்டது எம் தவறு" என்றோம். அவன் தலையை மட்டும் அசைத்தான். பிறகு, பாதருக்கு இரண்டாவது கன்ட்ரோலர் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும் என்றான்.

கேபிள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது நல்ல கேபிள் ஒன்று வாங்கி வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். அதுவரை எமர்ஜென்சி விளக்குக் கேபிளுக்கு ஒரு சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறார்களாம். திருவிழாப் படங்களைக் கணினிக்கு மாற்ற நமக்கு வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிறு பூசைக்கு வரும்போது அவன் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு.